சத்தம் கூடினால் ஓம்

அன்று மழை பெய்ததா இல்லையா என்பதில் எனக்கு இன்னும் நிச்சயமில்லை. றோஸியைக் கேட்டால், விடிந்ததிலிருந்து தூறிக்கொண்டே இருந்தது என்பாள். கீழ் வீட்டுப் பைறோஸாவோ, மொட்டைமாடியில் போட்ட உடுப்பெல்லாம் பகலுக்கு முன்பே காய்ந்துவிட்டது என்று சத்தியம் செய்வாள். இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டு, செப்டெம்பர் மாதம். அது மட்டும் சரி. மற்றதையெல்லாம் நினைவிலிருந்துதான் சொல்ல வேண்டும். நினைவோ, கிழிந்த இடத்தில் தானே ஒட்டுப்போட்டுக்கொள்கிற சாமான்.

மெல்பேர்ணிலிருந்து றோஸியின் மகன் கிளறன்ஸ் கொழும்பில், கொட்டாஞ்சேனை வீட்டில் வந்து இறங்கியிருந்தான். பாரிசவாதத்தில் வலது பக்கமும் பேச்சும் போன தகப்பன் சவுந்தரநாயகத்தை, நீர்கொழும்பில் கன்னியாஸ்திரிகள் நடத்தும் இல்லத்தில் சேர்ப்பது என்று அவன் முடிவெடுத்திருந்தான். அதைக் கேட்ட றோஸி ஓம் என்றும் சொல்லாமல் இல்லை என்றும் சொல்லாமல் மீன் கழுவப் போய்விட்டாள்.

இல்லத்து வான் மறுநாள் காலை வருவதாக இருந்தது. இந்த ஒரு பகல்தான் மிச்சம்.

றோஸி அன்று கணவரைக் குளிப்பாட்டிச் சவரம் செய்து, நீலக் கோட்டுச் சாரத்தை உடுத்திக் கதிரையில் இருத்தினாள். எதிர்ச் சுவரில் புது டீவி தொங்கியது. கிளறன்ஸ் வாங்கிப் பூட்டியது. அவ்வளவு பெரிய டீவியை அந்தத் தெருவில் அதுவரை ஒருவரும் வைத்திருக்கவில்லை. பக்கத்தில் டிவிடி, அதற்குக் கீழே டிஷ் பெட்டி. எல்லாவற்றையும் ஆட்டிவைக்க, அவன் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த ஒரே ஒரு ரிமோட். அதில் பொத்தான் கிடையாது. முழுக்கக் கண்ணாடி. விரலை வைத்தால் படம் மாறும்.

"அழகான சாமான்தான்," என்றாள் றோஸி. "ஆனா மகன், டடிக்குப் பழைய ரிமோட் வேணும்."

"மம்மி, பழைய டீவியே போயிட்டுது. பிறகென்ன பழைய ரிமோட்?"

பழைய டீவியை முந்தின நாள்தான் கோயில் மண்டபத்து ஆட்கள் வந்து தூக்கிப் போயிருந்தார்கள். புது டீவி வந்த வெறும் பெட்டியையும் அதோடு கட்டிக்கொண்டு போனார்கள். புது டீவிக்கென்று கம்பனி கொடுத்த ரிமோட்டும் அந்தப் பெட்டியின் அடியில் கிடந்து, அதுவும் கூடப் போய்விட்டது என்பது அப்போது ஒருவருக்கும் தெரியாது. பழைய ரிமோட்டைத்தான் தேடினார்கள். மெத்தைக்குக் கீழே, அலுமாரிக்குப் பின்னால், சோற்றுப் பானைக்குள்கூட. அது கிடைக்கவில்லை.

அந்த ரிமோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

பேச்சுப் போன இந்த இரண்டு வருடமும் சவுந்தரநாயகம் அதனால்தான் கதைத்தார். இடது கையும் அதன் பெருவிரலும்தான் அவருக்குச் சொன்னபடி கேட்டன. றோஸி ஏதாவது கேட்பாள். டீவியின் சத்தம் கூடினால் ஓம். சத்தம் அறவே நின்றால் இல்லை. ஒன்றாம் சனலுக்குப் போனால் தேத்தண்ணீர். இரண்டாம் சனல் என்றால் அவசரமாகத் தூக்க வேண்டும். சனல்கள் ஒன்றன் பின் ஒன்றாகப் பறந்தால் மனிதருக்குக் கோபம். அன்றைக்கு றோஸி குசினியை விட்டு வெளியே வரமாட்டாள்.

இதை ஒருவரும் உட்கார்ந்து திட்டம் போடவில்லை. தானாக வந்தது.

கிளறன்ஸுக்குச் சொன்னாள். அவன் ஒரு பின்னேரம் முழுக்கப் பக்கத்தில் இருந்து பார்த்தான்.

"மம்மி, நீங்கள் கதைக்கேக்க டீவி கேக்காமப் போகுது. அதாலதான் டடி கூட்டுறார். அவர் உங்களுக்குப் பதில் சொல்லேல்லை."

"அப்ப நான் ரெண்டு வருஷமா ஆரோட கதைச்சனான்?"

அவன் எழும்பிப் பல்கனிக்குப் போய்விட்டான். அவன் சொன்னதை றோஸி இரவெல்லாம் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். சில நேரம் அவளுக்கே சந்தேகம் வந்தது. தனிமைக்குப் பயந்து, ஒரு டீவியின் சத்தத்துக்கு நான்தான் அர்த்தம் வைத்துக்கொண்டேனோ?

கிளறன்ஸ் கல்நெஞ்சன் அல்ல. தாயின் இடுப்பு வலி அவன் கண்ணில் படாமல் இல்லை. தகப்பனையும் அவன் சும்மா தள்ளிவிடவில்லை. அந்தக் கண்ணாடி ரிமோட்டிலேயே அவருக்கென்று ஒரு பக்கம் செய்திருந்தான். பச்சைப் பெட்டியில் ஓம், சிவப்புப் பெட்டியில் இல்லை, ஒரு கோப்பைப் படம், ஒரு சோற்றுத் தட்டுப் படம். காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு அதைத் தகப்பனின் மடியில் வைத்தான்.

"டடி, நான் ஆர் எண்டு தெரியுதோ? ஓம் எண்டா பச்சையைத் தொடுங்கோ."

சவுந்தரநாயகத்தின் பெருவிரல் கண்ணாடியின் நடுவில் வந்து உட்கார்ந்தது. உடனே ஒரு 'டிங்'. கோப்பை. விரல் பதறி நகர்ந்தது. 'டிங்'. சிவப்பு. 'டிங்'. தட்டு. பச்சை, சிவப்பு, கோப்பை என்று எல்லாம் மாறி மாறி அடித்தன. அவருடைய கழுத்து குனியாது. கண் எப்போதும்போல டீவியிலேயே இருந்தது. நெற்றியில் வியர்வை அரும்பியது.

கிளறன்ஸ் மெதுவாக அதை மடியிலிருந்து எடுத்தான்.

"பாத்தீங்கள்தானே, மம்மி."

அவன் குரலில் வென்ற தொனி இல்லை. அழுகைக்குக் கிட்டத்தில் இருந்தது. அதுதான் றோஸியைச் சுட்டது.

*

பகல் சமையலுக்கு நடுவில்தான் அந்த வேலை நடந்தது.

டீவியில் பகல் படம் ஓடிக்கொண்டிருந்தது. கிளறன்ஸ் பல்கனியில் நின்று யாரோடோ போனில் பேசினான். றோஸி கையைத் துடைத்தபடி முன்னறைக்கு வந்தாள். மேசையில் அந்தக் கண்ணாடிச் சாமான், மேலே ஒன்றுமில்லாமல், வெறும் உடம்போடு கிடந்தது. விலையையும் அவன் சொல்லியிருந்தான். அவளுக்குப் பொறுக்கவில்லை.

அந்த வீட்டில் பொத்தான் உள்ள எந்தச் சாமானும் அம்மணமாக இருந்ததில்லை. பழைய ரிமோட் வாங்கிய அன்றே பொலித்தீன் உறைக்குள் போய்விட்டது. கல்குலேட்டரும் அப்படியே. போனுக்குக்கூட ஒரு காலத்தில் உறை இருந்தது. எண்ணெய்க் கை படும், சம்பல் கை படும், தூசி இறங்கும். உறை போடாமல் விடுகிறவளை வீட்டுக்காரி என்று சொல்வார்களா?

'போடக்கூடாது மம்மி' என்று கிளறன்ஸ் சொல்லித்தான் இருந்தான். ஏசினால் ஏசட்டும் என்று நினைத்தாள். புது பொலித்தீனில் இறுக்கிச் சுற்றி, இரண்டு பக்கமும் றப்பர் பாண்ட் போட்டாள். பெருமையாகத் தட்டி மேசையில் வைத்துவிட்டு அடுப்படிக்குத் திரும்பினாள்.

மேல் பக்கத்து றப்பர் பாண்ட் சத்தம் கூட்டும் இடத்துக்கு நேரே விழுந்திருந்தது. கண்ணாடிக்கு றப்பரும் விரலும் ஒன்றுதான்.

அந்த நேரம் பார்த்துப் படத்தில் வில்லனின் சரக்குக் கிட்டங்கி வெடித்தது.

வீடு அதிர்ந்தது. அலுமாரிக் கண்ணாடி கிணுகிணுத்தது. வெடிக்குப் பின்னால் துப்பாக்கிச் சூடு, அதற்குப் பின்னால் இன்னொரு வெடி. கிளறன்ஸ் பாய்ந்து உள்ளே வந்தான்.

"மம்மி! என்ன செய்தனீங்கள்?"

"உறை போட்டனான்!"

"என்ன?"

"உறை!"

றப்பரைப் பிய்த்தான், பொலித்தீனைக் கிழித்தான். கண்ணாடியில் விரலை வைத்துத் தேய்த்தான். அது பிடிவாதம் பிடித்து ஒரே படத்தில் உறைந்து நின்றது. டீவியின் பக்கத்துப் பொத்தான்கள் சுவரோடு ஒட்டிக் கிடந்தன, விரல் நுழையவில்லை. பிளக்கை, வடிவாக இருக்கட்டும் என்று, கடைக்காரப் பெடியன்கள் டீவிக்குப் பின்னாலேயே மறைத்திருந்தார்கள். மெயின் சுவிட்ச் கீழே, வீட்டுச் சொந்தக்காரரின் பூட்டிய பெட்டிக்குள்.

கீழேயிருந்து பைறோஸாவின் குரல் கிழித்துக்கொண்டு வந்தது.

"றோஸி அக்கா! என்னக்கா வெடிக்கிது மேல? சந்தி செக் பொயிண்டிலேந்து ஆமிக்காரங்க ஓடி வாறாங்க! ஜன்னல சாத்துங்கக்கா!"

றோஸி முன்னறைக்கு ஓடி வந்தாள். யுத்தம் நடந்த அந்தக் காலத்தில், அந்தத் தெருவில், வெடிச் சத்தம் கேட்டால் அது படமா நிஜமா என்று யாரும் முதலில் விசாரிப்பதில்லை. கிளறன்ஸுக்கு வயது முப்பத்திரண்டு. தமிழன்.

"மகன், பாஸ்போட்டை எடுத்துக் கையில வை!"

"பாஸ்போட் இஞ்ச இல்லை, மம்மி."

படியில் சப்பாத்துச் சத்தம். முதல் மாடி. திருப்பம். துப்பாக்கிச் சூடு டீவியில் இன்னும் நிற்கவில்லை. கதவு தள்ளப்பட்டது.

சத்தம் நின்றது.

படம் மட்டும் ஓடியது. வாயைத் திறந்து ஆட்கள் ஓடினார்கள், கிட்டங்கி ஊமையாக எரிந்தது. வாசலில் ஒரு பொலிஸ் அதிகாரியும் இரண்டு ஆமிக்காரர்களும். கிளறன்ஸ் தன் கையிலிருந்த செத்துப்போன கண்ணாடியைப் பார்த்தான். றோஸி கணவரைப் பார்த்தாள்.

சவுந்தரநாயகத்தின் இடது கை, கதிரை மெத்தையின் பக்கத்து இடுக்கிலிருந்து வெளியே வந்திருந்தது. அந்தக் கையில், மஞ்சள் பூத்த பொலித்தீன் உறையோடு, ஊரெல்லாம் தேடிய பழைய ரிமோட். அதே கம்பனிதான் புது டீவியும்.

அவர் தன் பாட்டுக்குப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

*

"மொகத மே சத்தே?" என்ன சத்தம் இது என்று அதிகாரி கேட்டார். றோஸி சுவரைக் காட்டி, படம், ரிமோட் பழுது, மன்னிக்க வேணும் சேர் என்று சிங்களத்தில் கொட்டினாள். ஆமிக்காரர்கள் கட்டிலுக்குக் கீழே பார்த்தார்கள், குசினியைப் பார்த்தார்கள். கிளறன்ஸிடம் அடையாள அட்டை கேட்டார்கள்.

வருடக்கணக்கில் சிங்களம் பேசாத நாக்கு தடுமாறியது. ஆங்கிலத்தில் சொன்னான். பாஸ்போட் வெள்ளவத்தையில், பயண ஏஜன்ஸியில் இருக்கிறது. அம்மாவினுடையதும்.

"என்ர பாஸ்போட்டோ?" றோஸிக்கு வாய்வரை வந்தது. அதற்கு இது நேரமல்ல.

அதிகாரி அவளை மட்டும் படிக்கட்டுத் தலைப்புக்கு அழைத்தார். தாழ்ந்த குரலில் கேட்டார்.

"அம்மே, ளமய் கீதெனெக்த?" எத்தனை பிள்ளைகள்?

"துன் தெனெக், சேர்," என்றாள். மூன்று பேர். வேறு எண்ணிக்கை அவள் வாயில் ஒருநாளும் வந்ததில்லை.

அவளை அங்கேயே ஒரு ஆமிக்காரரோடு நிறுத்திவிட்டு அவர் உள்ளே போனார். திறந்த கதவுக்குள்ளால் றோஸிக்கு டீவி மட்டும்தான் தெரிந்தது. ஆட்கள் தெரியவில்லை. குரல்கள் கேட்டன.

அதே கேள்வி. கிளறன்ஸின் குரல், உடனே: "ரெண்டு பேர், சேர். நானும் அக்காவும்."

றோஸி கண்ணை மூடிக்கொண்டாள்.

"அம்மா மூன்று என்கிறாள். நீ இரண்டு என்கிறாய். நீ இந்த வீட்டு மகன்தானா?" அதிகாரியின் சிங்களம் இப்போது கடினமாக வந்தது. "மற்றவன் எங்கே?"

"மற்றவன் இல்லை, சேர். டடியைக் கேட்டும் பிரயோசனமில்லை, அவருக்கு ஒன்றும் விளங்காது..."

அப்போது டீவியின் அடியில் பச்சைக் கோடு ஒன்று எழுந்தது. சத்தம் பூச்சியத்திலிருந்து இரண்டு படி ஏறியது.

"சேர்!" றோஸி படியிலிருந்தே கத்தினாள். ஆமிக்காரர் கையை நீட்டி மறித்தார். "அவர் பதில் சொல்றார், சேர்! சத்தம் கூடினால் ஓம்! நின்றால் இல்லை!"

அதிகாரியின் குரல் திசை மாறியது. கதிரைப் பக்கம்.

"மஹத்தயா. மே ஒயாகே புத்தாத?" ஐயா, இவன் உங்கள் மகனா?

பச்சைக் கோடு நீண்டது.

அவர் லேசில் நம்புகிற ஆள் இல்லை. "இவன் உங்கள் தம்பியா?"

சத்தம் பட்டென்று நின்றது.

'நாங்கள் கதைப்பதால் கூட்டுகிறார்' என்று சொன்ன பிள்ளை இதைக் கேட்டுக்கொண்டு நிற்கிறானா? நிற்கிறான்.

"உங்களுக்கு எத்தனை பிள்ளைகள், மஹத்தயா?"

திரை ஒரு கணம் கறுத்தது. மூலையில் பெரிதாக, பச்சையாக, ஓர் எண் வந்து நின்றது.

3.

"ரெண்டு, டடி," என்றான் கிளறன்ஸ். குரல் உடைந்திருந்தது. "ரெண்டு பேர்தானே நாங்கள்?"

எண் மறைந்தது. திரும்பவும் வந்தது. 3.

றோஸி ஆமிக்காரரின் கையைத் தாண்டி உள்ளே நடந்தாள். அவர் தடுக்கவில்லை.

"மூண்டு, மகன். அலோசியஸை மறந்திட்டியோ? உனக்கும் அக்காவுக்கும் முதல் பிறந்தவன். ஞானஸ்நானம் குடுத்த அண்டைக்கே போனவன். ஆத்துமாக்கள் திருநாளுக்கு வருஷா வருஷம் மாதம்பிட்டிக் கல்லறைக்குக் கூட்டிக்கொண்டு போவோமே, நீ மெழுகுதிரிக் கட்டைத் தூக்கிக்கொண்டு வருவாயே."

கிளறன்ஸுக்கு நினைவு வந்தது முகத்தில் தெரிந்தது. சிறிய கல்லறை ஒன்று. திரும்பும் வழியில் வாங்கித் தரும் ஐஸ்கிறீம்தான் அவனுக்கு அந்த நாள் முழுவதும். அந்தக் கல்லுக்குக் கீழே இருப்பவனைத் தன் அண்ணன் என்று அவன் எண்ணிக்கையில் சேர்த்ததே இல்லை.

தகப்பன் சேர்த்திருந்தார். பேச்சுப் போனபோதும் அந்த எண்ணிக்கை அவரை விட்டுப் போகவில்லை.

அதிகாரி றோஸியிடம் ஓரிரு கேள்விகள் கேட்டார். மாதம்பிட்டி என்றதும் தலையை ஆட்டினார். "ஹரி," சரி என்றார். நாளை காலையில் பாஸ்போட்டோடு ஸ்டேஷனுக்கு வந்து காட்ட வேண்டும் என்று கிளறன்ஸிடம் சொன்னார். வாசல்வரை போனவர் திரும்பினார். கிளறன்ஸைப் பார்க்கவில்லை, றோஸியையும் பார்க்கவில்லை. கதிரையைப் பார்த்துச் சொன்னார்:

"மஹத்தயா, சத்தத்தைக் கொஞ்சம் குறைச்சு வையுங்கோ."

தமிழில் சொன்னார். தமிழ் தெரிந்தவர் போலும்.

பச்சைக் கோடு எழுந்தது. தன்னிடமே கேட்டதற்கு மரியாதையாக, ஒவ்வொரு படியாகக் குறைந்தது.

*

சப்பாத்துச் சத்தம் கீழே இறங்கித் தெருவில் கரைந்தது. கிளறன்ஸ் தகப்பனின் காலடியில் நிலத்தில் உட்கார்ந்தான். குசினியில் குழம்பு அடிப்பிடித்த வாசனை வந்தது. றோஸி போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள்.

கிளறன்ஸ் அந்தப் பழைய ரிமோட்டை இரண்டு கையாலும் வாங்கினான். கண்ணை மூடிக்கொண்டு பெருவிரலை வைத்துப் பார்த்தான். ஐந்தாம் இலக்கத்தின் மேல் சிறு புள்ளி ஒன்று, பொலித்தீனுக்கு மேலாலும் தட்டுப்பட்டது. விரல் அங்கே ஆறுதலாக இருந்தது. ஒன்றும் நடக்கவில்லை. அங்கிருந்து மேலே தடவினான், கீழே தடவினான். அழுத்தும்வரை ரிமோட் பேசாமல் காத்திருந்தது.

"மம்மி," என்றான். "மற்றதில விரலை ஆற விடேலாது. வைச்ச உடனே அது பதில் எண்டு எடுத்திடும். உங்கட றப்பர் பாண்டையும் எடுத்தது, டடியின்ர விரலையும் எடுத்தது. யோசிக்கிறதுக்கு அவருக்கு இடமே குடுக்கேல்லை." பிறகு தகப்பனைப் பார்த்துச் சொன்னான்: "நானும் குடுக்கேல்லை."

ரிமோட்டைத் திரும்பத் தகப்பனின் கையில் வைத்தான்.

"டடி, நாளைக்கு வான் வரவேணுமோ?"

டீவியில் யாரோ பாடிக்கொண்டிருந்தார்கள். பாட்டு நின்றது. அறை முழுவதும் அமைதி. வாழ்நாளில் றோஸி கேட்டதிலேயே மிகப் பெரிய சத்தம் அந்த அமைதிதான்.

"ஒளிச்சு வைச்சிருந்தீங்கள் என்ன, கள்ளன்?" என்று சிரித்து அழுதபடி அவருடைய தலையில் குட்டினாள்.

சனல்கள் ஒன்றன் பின் ஒன்றாகப் பறந்தன. கோபம். பிறகு ஒன்றாம் சனலில் வந்து நின்றது. தேத்தண்ணீர். கிளறன்ஸ்தான் எழும்பிப் போய் ஊற்றிக்கொண்டு வந்தான்.

இனி அவரவருக்கு ஆனதைச் சொல்லிவிடுகிறேன். இல்லத்துக்குப் போன் போட்டு வான் வரவேண்டாம் என்றாயிற்று. கண்ணாடி ரிமோட்டை, திருத்தித் தருகிறேன் என்று பைறோஸாவின் புருஷன் மக்கீன் கொண்டுபோனார். அது அவருடைய வீட்டை விட்டு வரவில்லை, ஒருவரும் போய்க் கேட்கவும் இல்லை. கோயில் மண்டபத்துக்காரர் பெட்டிக்குள் கிடந்த ரிமோட்டைத் திருப்பிக் கொடுத்தார்கள். அதற்கும் றோஸி அன்றே உறை போட்டாள். கிளறன்ஸ் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தான், றப்பர் பாண்டை எடுத்துக் கொடுத்ததும் அவன்தான். சவுந்தரநாயகம் அன்று பின்னேரம் வேறொரு படம் பார்த்தார்.

பொலிஸுக்குக் காட்ட வேண்டும் என்று கிளறன்ஸ் இருட்ட முன்னரே வெள்ளவத்தைக்குப் போய், ஏஜன்ஸியில் இருந்த பாஸ்போட்டுகளை வாங்கி வந்தான். இரண்டும் வந்தன. றோஸியினுடையதில் விசா அடித்திருந்தது. அதற்குள் அவள் பெயரில் மெல்பேர்ணுக்கு ஒரு டிக்கட்டும் இருந்தது, தகப்பனை இல்லத்தில் விட்டபின் அவளைக் கூட்டிப்போக மகன் முன்பே எடுத்தது.

போக விருப்பமா என்று அவளை இன்னும் ஒருவரும் கேட்கவில்லை.